மாமாவின் யெஸ்டியை வீட்டுப் பட்டறையில் கட்டுகிறேன், இந்த உப்புக்காற்றுக்கு எது நிற்கும்?

பாம்பன்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை இருக்கிறது, அதுதான் என் பட்டறை. ஒரு ஆர்க் வெல்டிங் பெட்டி, கை கிரைண்டர், டிரில்லிங் மெஷின், தாத்தா காலத்து வைஸ் ஒன்று. லேத் கிடையாது, அந்த வேலைக்கு மண்டபம் போய் வருகிறேன்.

கட்டுவது மாமாவின் யெஸ்டி 250 பைக், 1989 வண்டி. மாமா இதில்தான் பின்னால் பெட்டி கட்டி ராமநாதபுரம் சந்தை வரைக்கும் மீன் எடுத்துப் போவார். அவர் போன பிறகு பதினொரு வருஷம் தென்னைமரத்தடியில் நின்றது. இந்தக் காற்றில் பதினொரு வருஷம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மட்கார்டு கையோடு வந்துவிட்டது, இரண்டு சைலன்சரும் சல்லடை, டேங்கின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. சேசிஸ் குழாய்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன, ஐஸ் தண்ணீர் வடிந்த பின்பக்கம் தவிர. சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்தேன், எட்டாம் நாள் பிஸ்டன் அசைந்தது. அன்றைக்கு அத்தை கொட்டகை வாசலில் வந்து நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

யெஸ்டி செய்த மைசூர் ஆலை 1996-இல் மூடிய பிறகு நல்ல பாகம் தேடுவதே ஒரு வேலை, கிடைத்தாலும் விலை தாங்கவில்லை. அதனால் முடிந்ததை எல்லாம் கையால் செய்து, வண்டியை என் விருப்பத்துக்குக் கட்டலாம் என்று இறங்கிவிட்டேன். என் திட்டம் இது: சேசிஸில் ஃபோர்க் மாட்டுகிற முன்கழுத்தை அறுத்து ஃபோர்க்கை நீட்டிச் சாய்ப்பது, படகுக்குப் போடுகிற ஃபைபரில் டேங்க், துருப்பிடிக்காமல் இருக்க எவர்சில்வர் கம்பியில் முன் ஆக்சில், இரண்டு சைலன்சரும் தகட்டில் சுருட்டியது, அப்புறம் படகின் அடியில் மாட்டுகிற ஜிங்க் கட்டி ஒன்றைச் சேசிஸில் முடுக்கிவிட்டால் துரு நிற்குமா என்றும் ஒரு யோசனை. தப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள், இன்னும் எதையும் அறுக்கவில்லை.

லேத்துமேடை

தம்பி, அறுக்காமல் கேட்டது பெரிய நல்ல காரியம். நான் ராமநாதபுரத்தில் இருபத்தாறு வருஷமாக லேத் ஓட்டுகிறேன், கழுத்தை மாற்றிய வண்டிகள் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோட்டை அப்படியே தரை வரைக்கும் நீட்டினால் ஒரு இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் ட்ரெயில் என்கிறோம், வண்டி நேராக ஓடுவதும் வளைவில் கை சொன்னபடி கேட்பதும் அதில்தான் இருக்கிறது. கணக்கு எளிது: சக்கர ஆரத்தை, ஃபோர்க் நேர்குத்திலிருந்து சாய்ந்த கோணத்தின் சைனால் பெருக்கி, ஃபோர்க் எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறதோ அதைக் கழித்து, கோசைனால் வகுக்க வேண்டும். 18 அங்குல ரிம் என்றால் டயரோடு ஆரம் 310 மில்லி வைத்துக்கொள், தள்ளல் 50 மில்லி. சாய்வு 26 டிகிரி இருந்தால் ட்ரெயில் 95 மில்லி சொச்சம். அதையே 35 டிகிரிக்குச் சாய்த்தால் 156 மில்லி ஆகிவிடும். மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாக விழப் பார்க்கும், திருப்பக் கை வலிக்கும். சந்தைத் தெருவில் உருட்டிப் பார்த்தால் புரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. உன் வண்டி 1989, பதினைந்து வருஷம் எப்போதோ தாண்டியாயிற்று, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அங்கே சேசிஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். நீ கழுத்தை அறுத்து ஒட்டியிருந்தால் என்ன பதில் சொல்வாய்? மாமா பெயரில் இருக்கும் வண்டியை முதலில் அத்தை பெயருக்கோ உன் பெயருக்கோ மாற்றுகிற வழியையும் பார்த்துக்கொள்.

கழுத்தை விட்டுவிடு. மற்றதில் உன் கைவேலையைக் காட்டு.

கீழக்கரைவெல்டர்

தம்பி, கீற்றுக்குக் கீழே வெல்டிங் வைக்காதீங்க. எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான். ஒரு பொறி ஓலைக்குள் போய் உட்கார்ந்தால் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிற வரைக்கும் புகைந்துகொண்டே இருக்கும். நாலு கால் நட்டு மேலே தகரம் போடுங்கள், பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர், ஒரு வாளி மணல்.

அடுத்தது காற்று. எங்கள் பட்டறை கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. சோளகக்காற்று அடிக்கிற நாளில் கதவைத் திறந்துவைத்து டிக் வெல்டிங் வைத்தால் ஆர்கான் வாயு பற்று விழும் இடத்தில் நிற்காது, பறந்துவிடும். மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கிரைண்டர் போட்டால் உள்ளே ஊசி ஊசியாகக் காற்றோட்டை. சேசிஸ் வேலைக்கு ஆர்க் குச்சியே போதும், குச்சியின் மேல்பூச்சே எரிந்து வாயுவும் கசடும் தந்து பற்றைக் காப்பாற்றும். குச்சியை ஈரமில்லாமல் வையுங்கள், நம் ஊரில் திறந்த பாக்கெட் நாலு நாளில் ஈரம் கோத்துவிடும். நான் வெயிலில் காயவைத்துத்தான் எடுப்பேன்.

ஜிஐ பைப்பைப் பற்றவைக்கப் போகிறீர்கள் என்றால் மேலே உள்ள துத்தநாகத்தைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அந்த வெள்ளைப் புகை நெஞ்சுக்குள் போனால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். எனக்கு இருபது வயதில் வந்தது, மலேரியா என்று நினைத்து ரத்தம் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள்.

பழைய டேங்கைத் தொடுவதாக இருந்தால், எத்தனை வருஷம் காலியாகக் கிடந்தாலும் உள்ளே ஆவி இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே இருக்கிற மாதிரி கழுத்துவரை தண்ணீர் நிரப்பாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது.

பாம்பன்காற்று

லேத் அண்ணன், கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), இரண்டு பேருக்கும் நன்றி. கழுத்தை விட்டுவிட்டேன். தூக்குக்குண்டு கட்டி அளந்து பார்த்தேன், ட்ரெயில் இப்போது நூறுக்குப் பக்கத்தில் வருகிறது, அப்படியே இருக்கட்டும். கொட்டகைக்குத் தகரம் சொல்லியாயிற்று.

ஆனால் ஃபைபர் டேங்க் விஷயத்தில் எனக்கு மனது ஒப்பவில்லை. இங்கே படகு முழுக்க ஃபைபர், டீசல் டேங்க்கூட ஃபைபரில் அடிக்கிறார்கள், வருஷக்கணக்கில் நிற்கிறது. துருவே பிடிக்காது. பெட்ரோலுக்கு மட்டும் ஏன் ஆகாது?

படகுமிஸ்திரி

இதற்கு நான் சொல்கிறேன். நான் மண்டபத்தில் படகு வேலை, ஃபைபரும் எஞ்சினும் இரண்டும் பார்ப்பேன்.

டீசல் வேறு, இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோல் வேறு. அதில் 20 விழுக்காடு எத்தனால். நாங்கள் படகுக்கு ஊற்றுவது சாதாரண பாலியஸ்டர் ரெசின், அதை எத்தனால் மெதுவாக இளக வைக்கும். முதலில் உள்பக்கம் பிசுபிசு என்று ஆகும், அப்புறம் அந்தப் பிசின் பெட்ரோலோடு கலந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும், அதற்கும் அப்புறம்தான் வெளியே வீக்கம் தெரியும். உங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக், ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. ஜெட் பாதி அடைத்தால் பெட்ரோலோடு ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாலத்தின் நடுவில் பின்சக்கரம் இறுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபைபர் ஆசை இருந்தால் மட்கார்டும் சீட்டுக் கூடும் அடித்துக்கொள்ளுங்கள், அதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. டேங்க் தகட்டில்தான்.

ஜிங்க் கட்டி வண்டியில் வேலை செய்யாது. படகில் அது ஏன் வேலை செய்கிறது என்றால் ப்ரொப்பெல்லர், ஷாப்ட், ஜிங்க் மூன்றும் ஒரே கடல் தண்ணீரில் நிற்கிறது, தண்ணீர் வழியாக மின்னோட்டம் ஓடி ஜிங்க் கரைகிறது, இரும்பும் பித்தளையும் தப்பிக்கின்றன. வண்டி காற்றில் நிற்கிறது. சேசிஸின் ஒரு மூலையில் முடுக்கிய கட்டிக்கும் இன்னொரு மூலையில் உள்ள துருவுக்கும் நடுவில் தண்ணீரே இல்லை. அதே துத்தநாகத்தைப் பொடியாகக் கலந்த ப்ரைமராக அடித்தால் பலன் உண்டு, ஏனென்றால் அது எல்லா இடத்திலும் இரும்பை ஒட்டியே இருக்கிறது, ராத்திரிப் பனியில் படியும் உப்பு ஈரமே அதற்குப் போதும். இரும்பு தெரியும்படி தேய்த்த இடத்தில்தான் அடிக்க வேண்டும், பழைய பெயின்ட் மேல் அடித்தால் வீண்.

மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் துருச் சோதனை நிலையம் இருக்கிறது தெரியுமா? உலோக மாதிரிகளைக் கடல்காற்றில் வைத்துப் பார்க்க நம் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால் இந்தக் காற்று எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் ஒரு விஷயம், லேத் வேலை ஏதாவது இருந்தால் ஏப்ரல் 15-க்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும், படகெல்லாம் கரையேறி நிற்கும், ஷாப்ட் வேலைக்கே இங்கே ஆள் கிடைக்காது.

பழையசாமான்

எல்லாரும் நல்ல யோசனை சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன். 1989 யெஸ்டி இன்றைக்கு எத்தனை முழுசாக இருக்கிறது? கியர் லிவரையே திருப்பிக் கிக்கராக உதைக்கிற வண்டி, ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், இது மாதிரி இனி யாரும் செய்யப்போவதில்லை. நேரம் எடுத்துத் தேடினால் பழைய பாகங்கள் வரும். இருந்தபடியே மீட்டெடுப்பதுதான் மாமாவுக்குச் செய்கிற மரியாதை என்று எனக்குப் படுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாம்பன்காற்று

கோபம் எல்லாம் இல்லை அண்ணே, நீங்கள் சொன்னதை நானும் பல நாள் யோசித்தேன். ஆனால் இந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடி எங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட இருந்ததில்லை. மாமா முதல் வேலையாகப் பின்சீட்டை எடுத்துவிட்டுக் கோண இரும்பில் பெட்டி வைக்கிற சட்டம் அடித்தார். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் தேய்ந்தபோது டயரை அறுத்து மாட்டினார். கிளட்ச் கேபிள் முனை பிய்ந்தபோது கரண்டியில் ஈயம் உருக்கி அவரே ஊற்றினார், அந்தக் கேபிள் இன்னும் இருக்கிறது. கையால் செய்து ஓட்டிய வண்டியைக் கையால் செய்தே எழுப்புகிறேன், எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. எஞ்சினையும் சேசிஸையும் தொட மாட்டேன். என்றைக்காவது யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் நான் செய்ததை எல்லாம் போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடலாம், அப்படித்தான் ஒவ்வொன்றையும் மாட்டுகிறேன்.

பழையசாமான்

சரி, கடைசி வரி போதும் எனக்கு. என்னிடம் ஒரு ஜோடி யெஸ்டி டேங்க் பட்டை ரப்பர் இருக்கிறது, அனுப்புகிறேன், காசு வேண்டாம்.

கொட்டாப்புளி

டேங்க் தகட்டில்தான் என்று முடிவானதால் எழுதுகிறேன். நாங்கள் தலைமுறையாகப் பாத்திர வேலை, எனக்கு அறுபத்தி மூன்று வயது, இப்போது டிங்கர் வேலையும் பார்க்கிறேன். டேங்க் அடிப்பது அண்டா அடிக்கிற மாதிரிதான், வளைவு மட்டும் வேறு.

18 கேஜ் சிஆர் (குளிர் உருட்டு இரும்பு) தகடு வாங்குங்கள், 1.2 மில்லி வரும். அதைவிட மெல்லிசு வாங்கினால் குழி அடிக்கிற இடத்தில் இழுபட்டு இன்னும் மெலிந்துவிடும். அடிக்கட்டைக்குப் புளியமரத் துண்டு, கறிக்கடையில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. பக்கத்தில் பனை நிறைய இருக்கிறதே என்று பனந்தூரை எடுத்துவிடாதீர்கள், அதில் வெளியே வைரம், உள்ளே சோறு, அடிக்கிற அடிக்கு நார் நாராகப் பிரியும், அந்த நார் அப்படியே தகட்டில் பதியும். புளியங்கட்டையின் தலையில் உளியால் ஒரு குழி எடுங்கள், சோற்றுத் தட்டு அகலம், நடுவில் இரண்டு விரல் ஆழம்.

தகட்டைக் குழியின் விளிம்பில் பிடித்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியால், அடிக்க வேண்டும். நடுவில் அடிக்கக் கூடாது, எல்லாரும் அங்கேதான் தப்பு செய்வார்கள். வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் தகட்டை ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கி எழும். அந்தச் சுருக்கம் மடிந்துவிடுவதற்குள் கட்டையின் மேட்டில் வைத்துத் தட்டித் தட்டித் தகட்டுக்குள்ளேயே அமுக்கிவிட வேண்டும், மடிந்துவிட்டால் அந்த இடம் போயிற்று, பின்னால் அங்கேதான் விரியும். அடிக்க அடிக்கத் தகடு விறைத்துப் போகும், சத்தம் மாறும். முதலில் தொப்பு தொப்பு என்று கேட்கும், விறைத்ததும் கிண்ணென்று கேட்கும். அப்போது நிறுத்தி, மங்கிய சிவப்பு வருகிற வரைக்கும் காயவைத்து, தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட வேண்டும். நம் சீமைக்கருவேலக் கரி இதற்கு அருமையான கரி, ஊதுவதற்கு ஒரு ஃபேன் போதும்.

அவசரப்படாதீர்கள். நான் முதல் குடம் அடித்தபோது அப்பா அதை மூன்று தடவை நெருப்பில் போட்டு மறுபடி அடிக்க வைத்தார்.

தகட்டுக்கணக்கு

சைலன்சர் கூம்புகளுக்கு நான் உதவுகிறேன். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கிற குழாய் இல்லை. வெளியே போன அழுத்த அலை கூம்பில் பட்டுத் திரும்பி வந்து, வெளியேறப் பார்க்கிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அதனால் பழைய சைலன்சரின் நீளம், வயிற்று விட்டம், பின்குழாய் விட்டம் மூன்றையும் அளந்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அழகுக்காக ஒரு சாண் குறைத்தால் இழுவை போய்விடும்.

கூம்பைத் தகட்டில் வெட்ட அளவு இப்படி எடுக்கலாம். சின்ன வாய் 40 மில்லி, பெரிய வாய் 90 மில்லி, சரிவு நீளம் 300 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 90-ஆல் பெருக்கி, இரண்டு வாய்க்கும் உள்ள வித்தியாசம் 50-ஆல் வகுத்தால் 540. அது வெளிவட்ட ஆரம். அதில் 300 போக 240, அது உள்வட்ட ஆரம். விரிகிற கோணத்துக்கு 180-ஐ 50-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் 30 டிகிரி. ஒரே மையத்தில் ஆணி அடித்துக் கயிற்றால் 540-க்கும் 240-க்கும் வில் போட்டு, 30 டிகிரித் துண்டை வெட்டிச் சுருட்டினால் கூம்பு கச்சிதமாக வாய் சேரும். முதலில் காலண்டர் அட்டையில் வெட்டிப் பாருங்கள். சுருட்டுவதற்கு வைஸில் ஒரு ஜிஐ பைப்பைப் படுக்கவைத்துப் பிடித்து, அதன்மேல் தகட்டைக் கையால் அழுத்தி அழுத்தி உருட்டினாலே 18 கேஜ் வளையும்.

லேத்துமேடை

ஆக்சில் பற்றி யாரும் பேசவில்லை, எனக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி, எவர்சில்வர் கம்பியில் முன் ஆக்சில் வேண்டாம்.

துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் கடையில் கிடைக்கிற 304 ரக எவர்சில்வர் கம்பியின் இழுவலிமை 515 மெகாபாஸ்கல் அளவுக்குத்தான் உறுதி, வளையத் தொடங்குவது அதில் பாதியைக்கூடத் தொடாமல். வெப்பப் பதம் செய்த இஎன் 24 ரக எஃகு வாங்கினால் 850-க்கு மேல். இன்னொன்று, எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டைப் போட்டு முடுக்கினால் மரை ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும், பாதியில் நின்றுவிடும், திருப்பவும் முடியாது, அறுக்கத்தான் வேண்டும். சக்கரம் கழற்ற முடியாத வண்டியை நடுரோட்டில் என்ன செய்வாய்?

இஎன் 24 கம்பி வாங்கி வா, நான் கடைந்து தருகிறேன். பழைய ஆக்சிலையும் கொண்டு வா, அளவு அதிலிருந்து எடுக்கிறேன். மரை முடிகிற இடத்திலும் தடிமன் மாறுகிற இடத்திலும் கூராக வெட்ட மாட்டேன், சின்ன வளைவு விடுவேன், முறிவு எப்போதும் கூர் மூலையில்தான் தொடங்கும். துருவுக்குக் கிரீஸ் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்துக் கிரீஸ் பூசி மாட்டு.

படகுமிஸ்திரி

அண்ணன் சொல்வது ஆக்சிலுக்குச் சரி. ஆனால் சீட்டு, மட்கார்டு, லைட் கிளாம்ப் போல்ட்டுகளுக்கு எவர்சில்வரே நல்லது, அதிலும் 316. கடல் உப்புக்கு 304 கூடக் காலப்போக்கில் டீ கறை மாதிரி பிடிக்கும், குழி விழும். 316-இல் மாலிப்டினம் இருப்பதால் தாங்கும். அலுமினியத்தில் எவர்சில்வர் போல்ட் போடுகிற இடத்தில் நடுவில் நைலான் வாஷரும் மரையில் கெட்டிக் கிரீஸும் இல்லாமல் போடாதீர்கள், அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கொட்டிவிடும். எஞ்சின் பக்க மூடிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பாம்பன்காற்று

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், நிறைய நடந்துவிட்டது.

டேங்க் முதல் பாதி மூன்று தடவை போயிற்று. ஐயா சொன்ன அதே தப்பு, நடுவில் அடித்துவிட்டேன். நாலாவது தடவை சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அடித்தேன், கிண்ணென்று வந்ததும் நிறுத்தினேன். இரண்டு பாதியையும் சேர்த்து, பெட்ரோல் வாயை மூடி, சைக்கிள் பம்பால் 3 பிஎஸ்ஐ மட்டும் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினேன். முதல் நாள் பதினேழு இடத்தில் குமிழ் வந்தது. ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, தேய்த்து, மறுபடி பற்றவைத்தேன். நாலாம் நாள் ஒரு குமிழும் இல்லை. அத்தைதான் சோப்புத் தண்ணீர் தடவினார்கள், என் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஓட்டையை அவர்கள்தான் பிடித்தார்கள்.

மனது கஷ்டப்பட்டது ஒன்று. சேசிஸை வெள்ளி இரும்பாகத் தேய்த்து முடிக்க இருட்டிவிட்டது, காலையில் ப்ரைமர் அடித்துக்கொள்ளலாம் என்று சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனேன். விடியலில் சாக்கை எடுத்தால் முழுக்க மஞ்சள் துரு. ஒரே ராத்திரி. பொங்கலுக்கு முந்திய வாரம், வாடைக்காற்று நேராக வடகடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசம், தேய்ப்பதற்கு முன்னால் நான் சேசிஸைக் கழுவியது எங்கள் போர் தண்ணீரில். வாயில் ஊற்றினால் கரிக்கிற தண்ணீர். உப்பைக் கழுவுகிறேன் என்று உப்பைத்தான் பூசியிருக்கிறேன். இரண்டாம் தடவை காவிரிக் குடிநீர் குழாயில் பிடித்து வைத்த தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, பகல் வெயிலில் தேய்த்து, தேய்த்த கையோடு துத்தநாக ப்ரைமர். பகுதி பகுதியாகத்தான் செய்தேன், ஒரு நேரத்தில் ஒரு முழம். அதன்மேல் எபாக்சி, அதன்மேல் படகுக்கு அடிக்கிற நீலம்.

இப்போது என் சந்தேகம். சீட்டுச் சட்டத்தை நானே பற்றவைத்தேன், பார்க்க நன்றாக இருக்கிறது. உள்ளே சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்மேல் எனக்கே அந்த அளவுக்கு நம்பிக்கை இன்னும் வரவில்லை.

கீழக்கரைவெல்டர்

மண்ணெண்ணெய்யும் சுண்ணாம்பும் போதும். பெயின்ட் அடிக்காத பற்றைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய்யைத் துணியில் நனைத்து அதன்மேல் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். அப்புறம் மேலே ஒட்டியதை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்து வெள்ளையானதும் விளக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் வெள்ளையில் ஒரு நூல் மாதிரி ஊறி வரும். மேல்பரப்பு வரை வந்த விரிசலைத்தான் இது காட்டும், உள்ளே புதைந்ததைக் காட்டாது. ஆனால் பெரும்பாலும் பற்றின் ஓரத்தில், அடிக்குழாயை அரித்துப் பள்ளம் விட்ட இடத்தில்தான் முறியும், அது தெரிந்துவிடும்.

பாம்பன்காற்று

காக்கா, வந்தது. இடதுபக்கப் பிடியில், குழாயும் தகடும் சேரும் மூலையில், நகத்தளவு நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை, எழுந்து போகலாம் என்று நினைத்தபோது மெல்ல ஊறியது. அந்தப் பிடியை அப்படியே அறுத்து எடுத்துவிட்டேன், மேலேயே மறுபடி வைக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் பற்று தகட்டில் மட்டும்தான் பிடித்திருக்கிறது, குழாய்க்குள் இறங்கவே இல்லை. புதுசாக வெட்டி, மூலையைச் சரிவாகத் தேய்த்து இடம் விட்டு, கரண்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். மறுபடி சுண்ணாம்பு. இப்போது வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது, அரை மணி நேரம் பார்த்தேன்.

லேத்துமேடை

சக்கர நேர் பார்த்தாயா?

பாம்பன்காற்று

பார்த்தேன் அண்ணே. பின்டயரின் இரண்டு பக்கமும் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூஸ் நரம்பை இழுத்துக் கட்டி முன்சக்கரம் வரைக்கும் கொண்டுபோனேன், நூலைவிட அது நன்றாக விறைத்து நிற்கிறது. இடதுபக்கம் 4 மில்லி விலகி இருந்தது. செயின் அட்ஜஸ்டரைத் திருப்பி ஒரு மில்லிக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

நேற்று காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தோம். ஆறாவது உதையில் பிடித்தது. இரண்டு சைலன்சரும் ஒன்றுபோலப் புகைந்து, கொஞ்ச நேரத்தில் சத்தம் தெளிந்தது, அந்தப் பழைய டங்கு டங்கு அப்படியே இருக்கிறது. பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் இன்னும் முடியாததால் ரோட்டுக்கு எடுக்கவில்லை, தோப்புக்குள்ளேயே இருபது சுற்று. முதல் சுற்றில் அத்தையைப் பின்னால் உட்கார வைத்தேன். மீன்பெட்டி சட்டம் இருந்த இடத்தில்தான் சீட்டு இருக்கிறது, அவர்கள் இரண்டு கையாலும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நான் அறுத்து மாற்றிய அதே இடதுபக்கப் பிடியை.

இறக்கிவிட்டு உடனே சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். கோடு இல்லை. பென்சில் பிரதிக்காகச் சேசிஸ் எண் இருக்கிற இடத்தில் பெயின்ட் அடிக்காமல் கிரீஸ் மட்டும் தடவி வைத்திருக்கிறேன். அதைப் பெயின்ட் இல்லாமல் எத்தனை நாள் விடலாம், அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

படகுமிஸ்திரி

கிரீஸ் போதாது, வெயிலில் வடிந்துவிடும். எண்ணின் மேல் வார்னிஷ் ஒரு கை மெல்லிசாகத் தடவுங்கள், எண் தெரியும், பென்சிலும் எடுக்கும். இன்றைக்கே செய்யுங்கள், நாளை வரை விட வேண்டாம்.